பீரோவுக்குள் போன எலெக்ட்ரிக் பிரஷ்

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 47, பள்ளி ஆசிரியை. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன், தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஓர் எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கி வந்திருக்கிறார். சிறிய வட்டத் தலை கொண்டது. கூடவே இரண்டு மாற்றுத் தலைகள். அம்மா அதைப் பயன்படுத்தத் தொடங்கிய நான்காம் நாள், துப்பிய நுரையில் ரத்தம் தெரிந்தது. "மிஷின் ஈறைக் கிழித்துவிட்டது" என்று பயந்து, பிரஷ்ஷைத் துடைத்துப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் சாதாரண பிரஷ்ஷிலும் ஓராண்டாகவே அவ்வப்போது ரத்தம் கசிந்திருக்கிறது என்பதையும், கசியும் இடங்களில் பிரஷ் படாமல் விட்டுவிடுவது தன் வழக்கம் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று இரண்டு மாதமாக வைட்டமின் சி மாத்திரையும் சாப்பிடுகிறார். இவை போக, மேல்வரிசையின் இடப்பக்கத்தில் குளிர்ந்த நீர் பட்டால் சுள்ளென்று கூசுகிறது. ஈறோரத்தில் நகத்தை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது. அது பூச்சி அரித்ததாக இருக்குமோ என்று அஞ்சுகிறார். தங்கள் பகுதித் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம் என்பதால், ஃபுளோரைடு இல்லாத மூலிகை பேஸ்ட்டைத்தான் வீட்டில் வாங்குவார்களாம்.

கணவருக்கு 53 வயது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. அழுத்தத்திற்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறார். சிறு வயதிலிருந்தே பற்களில் பழுப்புக் கறை இருப்பதால், அதைப் போக்குவதற்கென்றே கடையில் கேட்டு 'ஹார்ட்' பிரஷ் வாங்கி, சத்தம் கேட்கும்படி தேய்ப்பவர். மாமனாருக்கு 78. இரண்டாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை பலவீனமாகிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மீதமிருக்கும் பதினைந்து பற்களையும் இடக்கை விரலில் சிவப்புப் பல்பொடியைத் தொட்டுத் தேய்த்துக்கொள்கிறார். பிரஷ் என்றாலே, "ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், பேட்டரியும் வயரும் என்றா சொன்னார்கள்?" என்று மருமகளை மடக்கிவிடுகிறாராம்.

எலெக்ட்ரிக் பிரஷ் பல்லைத் தேய்த்துவிடுமா? இத்தனை பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? ஒரே மிஷினைத் தலையை மட்டும் மாற்றி மூவரும் பயன்படுத்தலாமா? பல் ஆடிவிடும் என்கிறார்களே, கிளீனிங் செய்துகொள்ளலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் அந்த பிரஷ் தேவைப்படும் ஒருவர் இருக்கிறார், அது நீங்கள் அல்ல. பெட்டியைத் திறந்து மாமனாருக்குக் கொடுங்கள் என்பதே என் யோசனை. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், உங்களைப் பயமுறுத்திய ரத்தத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஏனென்றால் அங்கேதான் பெரிய தவறு நடந்துகொண்டிருக்கிறது.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடுவது

ஆரோக்கியமான ஈறில், கெட்டி பிரஷ்ஷால் குத்திக்கொண்டால் ஒழிய, துலக்கும்போது ரத்தம் வராது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் நாக்கால் தடவினால் வழவழவென்று ஒரு படலம் தெரியும்; கிருமிகள் கூட்டமாக வாழும் அந்தப் படலத்தைத்தான் பல் மருத்துவர்களாகிய நாங்கள் பிளேக் என்கிறோம். அது நாள்கணக்கில் அங்கேயே தங்கினால் ஈறு வீங்கி, சிவந்து, உள்ளிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மேலே எழும்பி நிற்கும். அந்த நிலையில் பஞ்சால் தொட்டாலும் கசியும். கசிகிறதே என்று நீங்கள் அந்த இடத்தை ஒதுக்கினீர்கள். ஒதுக்கியதால் படலம் கூடியது. படலம் கூடியதால் கசிவும் கூடியது. ஓராண்டாக நீங்கள் எட்டாமல் விட்டிருந்த மூலைகளை எலெக்ட்ரிக் பிரஷ் நான்கு நாள் போய்த் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது ஈறைக் கிழிக்கவில்லை. ஏற்கெனவே வீங்கியிருந்த ஈறு இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு 1965-இல் வெளியானது. ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், வேண்டுமென்றே பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. உங்களுக்கு ஓராண்டுப் படலம் என்பதால், அதில் ஒரு பகுதி இந்நேரம் கல்லாக இறுகியிருக்கும். ஆகவே ஒரு வாரம் போதாது. ஆனால் திசை அதுதான்.

வைட்டமின் சி பற்றி ஒரு வரி. அந்தச் சத்து கடுமையாகக் குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மை. ஆனால் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தக்காளியும் புழங்கும் வீட்டில் அந்த அளவுக் குறைபாடு அபூர்வம். மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் மென்மையான பிரஷ் வாங்குங்கள்.

சரியாகத் துலக்கத் தொடங்கி, கிளீனிங்கும் முடிந்து, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, ஈறை அழுத்தினால் சீழ் வந்தாலோ, உடம்பில் வேறிடங்களில் காரணமின்றி ரத்தக்கட்டு தோன்றினாலோ அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நகத்தில் தட்டுப்படும் பள்ளம்

புதிதாக வருபவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும், அவர் எந்தக் கைப்பழக்கம் உள்ளவர் என்று பல சமயம் கேட்காமலே தெரிந்துவிடும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டு முன்கடைவாய்ப் பற்களும் ஈறோரத்தில் கோடரியால் கொத்தியதுபோல் ஆப்பு வடிவில் தேய்ந்திருக்கும். கை முழு வலுவோடு முதலில் விழும் இடம் அது; பல்வரிசை வளைந்து துருத்தி நிற்கும் இடமும் அதுவே. நீங்கள் சொல்லும் பள்ளம் இருப்பதும் இடப்பக்க மேல்வரிசைதான். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. இருந்தாலும் அது பூச்சி அரித்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. (பல்லில் பூச்சி என்று ஒன்று கிடையாது. சர்க்கரையை உண்ணும் கிருமிகள் உண்டாக்கும் அமிலம்தான் சொத்தையை ஏற்படுத்துகிறது. அப்படிப்பட்ட சொத்தை பெரும்பாலும் மெதுமெதுப்பாகவும் நிறம் மாறியும் இருக்கும். தேய்மானப் பள்ளம் கண்ணாடிபோல் வழுக்கும்.)

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ரம்பம் இழுப்பதுபோல் குறுக்கே தேய்த்ததன் கணக்கு அது. பல்லின் மேற்பகுதியை மூடியிருக்கும் எனாமல் எளிதில் தேயாது. ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும்போதுதான் ஆபத்து. வேரின்மேல் எனாமல் இல்லை, அது மென்மையானது. வெறும் பிரஷ்ஷைவிட, பேஸ்ட்டிலும் பொடியிலும் இருக்கும் உராய்வுத் துகள்களே அதை அதிகம் அரிக்கும். பிரஷ்ஷின் கெட்டித்தனமும் கையின் அழுத்தமும் அதற்குத் துணைபோகின்றன.

ஆகவே "எலெக்ட்ரிக் பிரஷ் பல்லைத் தேய்த்துவிடுமா?" என்ற கேள்வியை எனக்கு அனுப்பியிருப்பவர், சாதாரண பிரஷ்ஷால் பல்லைத் தேய்த்து முடித்தவர். எலெக்ட்ரிக் பிரஷ்ஷைச் சரியாகப் பிடித்தால், கைப் பிரஷ்ஷைவிட அது கூடுதலாகத் தீங்கு செய்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அதிகம் அழுத்தினால் விளக்கு எரிந்தோ வேகம் குறைந்தோ எச்சரிக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. ஆனால் எலெக்ட்ரிக் பிரஷ்ஷையும் கையால் இழுத்து இழுத்துத் தேய்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை எந்த விளக்கும் காப்பாற்றாது.

பணத்துக்குத் தகுந்த பலன் உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் இதே கேள்வியைக் கையில் எடுத்தது. 56 ஆய்வுகளைச் சேகரித்து, அவற்றில் 51 ஆய்வுகளின் 4,624 பேருடைய விவரங்களை ஒன்றாகக் கணக்கிட்டது. முதல் மூன்று மாதங்களில் எலெக்ட்ரிக் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் படலம் 11 சதவீதமும் ஈறு அழற்சி 6 சதவீதமும் குறைவாக இருந்தன. மூன்று மாதங்களுக்குப் பிறகு அது முறையே 21, 11 என்று கூடியது. அதிக ஆய்வுகள் நடந்திருப்பது, இருபுறமும் மாறி மாறிச் சுழலும் வட்டத் தலை பிரஷ்களைப் பற்றித்தான்; உங்கள் மகன் வாங்கியதும் அந்த வகையே. நீளத் தலையோடு நிமிடத்திற்குச் சுமார் 31,000 தடவை அதிரும் 'சோனிக்' வகையும் நல்லதுதான். எது உயர்வு என்று கடைக்காரர் அடித்துப் பேசினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, "21 சதவீதம் கூடுதலாகப் பற்கள் பிழைக்கும்" என்று கணக்குப் போடக் கூடாது. படலம் குறைவதும் ஈறு வீக்கம் குறைவதும் நல்லது. ஆனால் எலெக்ட்ரிக் பிரஷ்ஷால் இத்தனை பேருக்குச் சொத்தை வராமல் நின்றது, இத்தனை பல் விழாமல் தங்கியது என்று அந்த ஆய்வுகள் காட்டவில்லை. மேலும் சராசரி என்பது திறமையாகத் துலக்குபவர், அரை நிமிடத்தில் கொப்பளித்துவிட்டு ஓடுபவர் எல்லோரையும் சேர்த்து வருவது. சாதாரண பிரஷ்ஷால் இரண்டு நிமிடம், முறையாகத் துலக்கும் ஒருவருக்கு அந்தப் பிரஷ் புதிதாகத் தருவது அதிகமில்லை. கை ஒத்துழைக்காதவருக்குத்தான் அது பெரிய உதவி. சுவிட்சர்லாந்தில் 1954-இல் உருவான 'பிராக்ஸோடென்ட்' என்ற ஆரம்பகால எலெக்ட்ரிக் பிரஷ்ஷே, கையை நன்றாக இயக்க முடியாதவர்களையும் பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் வைத்து வந்ததுதான்.

செலவையும் பார்த்துவிடுங்கள். கைப்பிடிக்குக் கொடுத்த பணத்தோடு அது முடிவதில்லை. மூன்று நான்கு மாதத்திற்கு ஒரு தலையை மாற்ற வேண்டும். ஒரு தலை சுமார் 200 முதல் 400 ரூபாய் என்று வைத்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு அறுநூறு முதல் ஆயிரத்து அறுநூறு வரை ஆகிவிடும். மென்மையான சாதாரண பிரஷ் நான்கு வாங்கினாலும் இருநூறைத் தாண்டுவது அரிது.

மாமனாருக்கு ஏன்

வலக்கை ஓய்ந்தவர் இடக்கையால் சாதாரண பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்து நுணுக்கமாக அசைப்பது மிகக் கடினம். எலெக்ட்ரிக் பிரஷ்ஷை அவர் பல்லின்மேல் வைத்தால் போதும். அசைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். அதன் கைப்பிடி தடிமனாக இருப்பதும் பலவீனமான பிடிக்கு வசதி. நீங்கள் அவருக்குத் துலக்கிவிடும் நாள்களில் உங்களுக்கும் வேலை சுலபம்.

முதல் இரண்டு நாள் மிஷினை ஓடவிடாமல், வெறும் பிரஷ்ஷாக வாய்க்குள் வைத்துப் பழக்குங்கள். பிறகு அவருடைய விரல் நகத்தின்மேல் ஓடவிட்டு அதிர்வைக் காட்டுங்கள், அதற்கப்புறம் வாய். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கும். நுரை மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரக்கூடும். எனவே பேஸ்ட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் குடிக்கும்போதே அவருக்குப் புரையேறுகிறது என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். துலக்குவதற்கு முன், பலவீனமான பக்கத்துக் கன்னத்துக்குள் விளக்கடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால், மத்தியானம் சாப்பிட்ட சோற்றுப் பருக்கை இரவு வரை அங்கேயே ஒதுங்கியிருப்பதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

அவருடைய மாத்திரையால் ஈறில் ரத்தம் சற்றுக் கூடுதலாக வரலாம். அதற்காக இதய மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ கேட்காமல் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஈறில் கசியும் ரத்தத்தை நிறுத்த எங்களுக்கு வழிகள் இருக்கின்றன; இன்னொரு பக்கவாதத்தைத் திருப்பி எடுக்க வழி இல்லை. அவருக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மட்டும், அந்த பிரஷ்ஷைப் பயன்படுத்துவதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பல்பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் நுனி ஈறோர இடுக்குக்குள் போகாது. அது பல்லின் முகத்தை மட்டும் மெருகேற்றும். செங்காவி கலந்த சிவப்புப் பொடிகளின் துகள் சொரசொரப்பானது. வயதானவர்களின் வெளித்தெரியும் வேரை அது அரித்துவிடும். பெரியவர் சொன்ன பழமொழிக்கு நான் மரியாதை கொடுப்பவன்தான். அந்த 'வேல்' வேப்பங்குச்சி அல்ல, வேலமரத்துக் குச்சி என்பதை அவருக்குத் தெரிவியுங்கள், மகிழ்வார். அக்காலத்தில் குச்சியை மென்று நாராக்கி, கிணற்றடிக்குப் போய் வரும் வரை ஒவ்வொரு பல்லாகக் குத்தித் துலக்கினார்கள். அந்தப் பொறுமையில்தான் பாதிப் பலன் இருந்தது. இடக்கை விரலில் பொடியைத் தொட்டு இருபது விநாடியில் முடிப்பதை அந்தப் பழமொழியின் கணக்கில் சேர்க்க முடியாது.

எவ்வளவு சொல்லியும் அவர் மிஷினை ஏற்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். வாயும் உடம்பும் அவருடையவை. சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டும் ரப்பர் கைப்பிடி ஒன்றை வாங்கி, மென்மையான சாதாரண பிரஷ்ஷின் காம்பை அதில் செருகி, இடைவெளியில் துணியைத் திணித்துக் கெட்டிப்படுத்திக் கொடுங்கள். பிடி நழுவாது.

கணவரின் பழுப்புக் கறை

அது அழுக்கு அல்ல. உங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பது தெரிந்த விஷயம். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அந்தப் பாதிப்பைக் குறைப்பதையும் நோக்கமாகக் கொண்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரை, தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் குடித்து வளர்ந்தால், எனாமலுக்குள்ளேயே கறை பதிந்துவிடும். துணியில் நெய்த கரையைத் துவைத்துப் போக்க முடியுமா? முப்பதாண்டு ஹார்ட் பிரஷ்ஷால் உங்கள் கணவர் அந்தக் கறையை ஓர் இம்மிகூடக் குறைத்திருக்க மாட்டார், பல்லைத்தான் குறைத்திருப்பார். எலெக்ட்ரிக் பிரஷ் தேநீர்க் கறையைக் கொஞ்சம் எடுக்கும், இதை எடுக்காது. கறை மனத்தை உறுத்துகிறது என்றால் பல் மருத்துவரிடம் அதற்கென்று சிகிச்சைகள் இருக்கின்றன.

இதிலேயே உங்கள் பேஸ்ட் கேள்விக்கும் பதில் இருக்கிறது. வளர்ந்து முடிந்த பல்லில் புதிதாக அந்தக் கறை வராது. நீங்கள் பேஸ்ட்டை விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறீர்கள். பல்லின்மேல் படும் சிறிதளவு ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கிறது, கூச்சத்தையும் ஓரளவு குறைக்கிறது. எனவே பெரியவர்கள் மூவருக்கும் ஃபுளோரைடு பேஸ்ட்டே நல்லது. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். சொம்புத் தண்ணீரால் நாலு தடவை கொப்பளித்து அந்த மருந்தையும் வெளியேற்றிவிடாதீர்கள். எச்சரிக்கை தேவைப்படுவது, பேஸ்ட்டை விழுங்கிவிடும் சிறு குழந்தைகளுக்கும் அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கும்தான்.

கணவர் விஷயத்தில் கறையைவிட எனக்குக் கவலை தருபவை இரண்டு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுப்படுவதும் சிரமம். ஈறுக்கு முறையான சிகிச்சை செய்தவர்களுக்கு, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைந்ததாக 2022-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. இன்னொன்று ஆம்லோடிபின். அதைச் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்துப் பற்களுக்கு இடையே மொட்டு மொட்டாகப் புடைக்கும். படலம் சேரும் வாயில் அது இன்னும் மோசமாகும். அவருக்கு அப்படி இருந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், பல் மருத்துவர் சொன்னதாக அவருடைய மருத்துவரிடம் தெரிவிக்கட்டும். மாற்று மருந்து பற்றி அவர் முடிவெடுப்பார். ரத்தம் வராவிட்டாலும், புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் "ஈறு நன்றாக இருக்கிறது" என்று நம்ப வேண்டாம். புகை அந்த ரத்தக் கசிவை மறைத்துவிடும்.

நீங்கள் துலக்க வேண்டிய விதம்

'சாஃப்ட்' என்று அச்சிட்ட, சிறிய தலை கொண்ட சாதாரண பிரஷ் உங்களுக்குப் போதும். அதை முஷ்டியால் பிடிக்காமல், விடைத்தாள் திருத்தும்போது பேனாவைப் பிடிப்பதுபோல் மூன்று விரல்களால் பிடியுங்கள். அழுத்தம் தானாகவே பாதியாகிவிடும். இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி 45 பாகை சாய்த்து, இருந்த இடத்திலேயே அரிசி நீளத்துக்கு முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல்நுனி நோக்கி ஒரு தடவை உருட்டி இறக்குங்கள். கீழ்வரிசைக்கு இதையே மேல்நோக்கிச் செய்யுங்கள். சார்ல்ஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையின் சற்று மாற்றிய வடிவம் இது. நாங்கள் கல்லூரியில் முதலில் கற்பதும் கடைசிவரை சொல்லித்தருவதும் இதுதான். வாயை நான்கு பகுதிகளாக்கி, பகுதிக்கு அரை நிமிடம். ஒவ்வொரு நாளும் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இடப்பக்கப் பள்ளத்தில் கை முதல் வேகத்தோடு விழாமல் இருக்கும். ரத்தம் வரும் இடங்களை விட வேண்டாம். மென்மையாக, ஆனால் கட்டாயம் துலக்குங்கள். இரவுத் துலக்கல்தான் முக்கியம். காலையில் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நாளில் குறைந்தாலும் இரவில் குறையக் கூடாது. எலுமிச்சைச் சாறோ மோர்க்குழம்போ சாப்பிட்ட கையோடு துலக்காமல் அரை மணி நேரம் விட்டுத் துலக்குங்கள்.

எந்த பிரஷ்ஷும் இரு பற்களுக்கு நடுவே உள்ள இடுக்கை எட்டாது. ஈறு இறங்கி இடைவெளி விழுந்த இடங்களுக்கு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவத்தில் ஓர் இடுக்கு பிரஷ் கிடைக்கிறது. உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாலாயிரம் ரூபாய் மிஷினைவிட உங்கள் ஈறுக்கு அது அதிகம் செய்யும் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே மிஷினை மூவரும் பகிரலாமா?

தலை தனித்தனியாக இருந்து, ஒவ்வொரு முறையும் தலையைக் கழற்றிக் கைப்பிடியின் கழுத்தைக் கழுவித் துடைத்தால் பகிரலாம். தலையை மட்டும் எக்காரணத்தாலும் மாற்றிக்கொள்ளக் கூடாது. ரத்தத்தின் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகள் பகிர்ந்த பிரஷ் மூலமும் போகக்கூடும். சார்ஜரைக் குளியலறைக்குள் வைக்க வேண்டாம். மலிவு என்று பெயர் தெரியாத தலைகளை வாங்க வேண்டாம். பல சமயம் இழையின் நுனி மழுங்காமல் வெட்டிய கம்பிபோல் இருக்கும், சரியாகப் பொருந்தாமல் வாயில் கழன்றும் விழும்.

மகனிடம் பில்லை அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்த பிரஷ்ஷைப் "பிடிக்கவில்லை" என்று திருப்பினால் சுகாதாரக் காரணம் காட்டிப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஆனால் வாரண்டி காலத்துக்குள் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போனால் அது குறைபாடுள்ள பொருள். சரிசெய்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கேட்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. கடையும் நிறுவனமும் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடுமா?

ஆடாது. படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எலெக்ட்ரிக் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது; கருவியால்தான் எடுக்க முடியும். சிலருக்கு அந்தக் காரை பற்களுக்கு இடையே சிமென்ட் பூசியதுபோல் நிறைந்திருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும், ஏற்கெனவே எலும்பை இழந்திருந்த பல் அசைவது தெரியும். பழி கிளீனிங்கின்மேல் விழும். சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் மாவட்டத்திலுள்ள அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் கேளுங்கள். மாமனாரை அழைத்துப் போகும்போது அவருடைய மாத்திரைச் சீட்டையும், கணவருடைய கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் மறக்க வேண்டாம்.

உங்கள் இடப்பக்கப் பள்ளங்களை மருத்துவர் பல்நிற நிரப்பியால் அடைக்கலாம் என்பார். ஆழம் குறைவு என்றால், கூச்சத்துக்கான பேஸ்ட்டையும் மாற்றிய கைப்பழக்கத்தையும் சில வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று கேளுங்கள். பழக்கம் மாறாமல் அடைத்தால் அடைப்பும் தேயும்.

போகும்போது, நீங்களும் கணவரும் இப்போது பயன்படுத்தும் பிரஷ்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாங்கி ஒரு மாதத்திலேயே பிரஷ்ஷின் இழைகள் இருபுறமும் விரிந்து கிடந்தால், எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லாமலே அவர் கண்டுபிடித்துவிடுவார். அங்கேயே கண்ணாடியைக் கையில் கொடுத்து ஒரு தடவை துலக்கிக் காட்டச் சொன்னால் கூச்சப்படாமல் துலக்கிக் காட்டுங்கள்.